சீராக வந்த பல்

"கை வழுக்கிக் கீழே விழுந்தா ரெண்டா உடைஞ்சிடும். அதனால முதல்ல தொட்டியில பாதி தண்ணி, அடியில ஒரு துண்டு. புரிஞ்சுதா?"

டிம்ப்னா தன் கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே மேலும் கீழுமாக முழுப் பல் செட்.

மிரியம் தலையாட்டினாள். நாற்பத்தாறு வயதுவரை ரொட்டிக்கடையில் நின்றவள். இந்த முதியோர் இல்லத்துக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது. பன்னிரண்டாம் அறை லாம்பர்ட்டை அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். பக்கவாதத்தில் பேச்சு போனவர். வாயைச் சுத்தம் செய்யப் போனால் உதட்டை இறுக்கிக்கொள்வார். நேற்று வற்புறுத்தி விரலை விட்டபோது கடித்துவிட்டார். சுட்டுவிரலில் இன்னும் கட்டு. கடித்த அந்தப் பல்லைத்தான் டிம்ப்னா கழற்றி டப்பாவில் வைத்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டாள்.

வாயின் அழுக்கு நுரையீரலில் இறங்கி, இந்தக் குளிர்காலத்தில் அவருக்கு இரண்டு முறை காய்ச்சல். மூன்றாவது வந்தால் தாங்க மாட்டார் என்று தலைமை நர்ஸ் சொல்லிவிட்டாள். அதனால்தான் மனைவியை வரவழைத்தார்கள். டிம்ப்னா காலையில் அலுவலகத்தில் ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே அவருடைய அறைக்கு வந்திருந்தார். இரண்டு மணிக்கு டாக்டர் வருகிறாராம். அதற்குள் மிரியமுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்துவிட வேண்டுமாம்.

"பற்பசை போடாத, கீறல் விழும். பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு போதும். சுடுதண்ணி வேண்டவே வேண்டாம். கோணிக்கிச்சுன்னா அப்புறம் ஈறுல உக்காராது."

மிரியம் பிரஷ்ஷை அழுத்தித் தேய்த்தாள்.

"ஏம்மா, மாவா பிசையுற? மெதுவா. ஈறைத் தொடுற உள்பக்கம்தான் முக்கியம். அழுக்கெல்லாம் அங்கதான் குடியிருக்கும்."

"உங்களுக்கு எல்லாம் அத்துப்படியா இருக்கேம்மா."

"ஐம்பத்தெட்டு வருஷமா தேய்க்கிறேன்." டிம்ப்னா சிரித்தார். அளவெடுத்து அடுக்கிய வெள்ளை வரிசை. "எனக்குப் பத்தொம்பது வயசுலயே முழுசும் கட்டின பல்லு. எங்கப்பா கொடுத்த கல்யாணச் சீர்."

"சீரா?"

"எங்க பக்கம் அப்ப அதான் வழக்கம். பொண்ணோட பல்லை மொத்தமா பிடுங்கி, செட்டு கட்டி அனுப்பணும். பின்னால பல் டாக்டர் செலவு மாப்பிள்ளை வீட்டு மேல விழக்கூடாது பாரு."

"சொத்தைப் பல்லா?"

"ஒண்ணுகூட இல்ல. எங்கப்பா வேண்டாம்னுதான் சொன்னாரு. கட்டில்ல கிடக்கிற இவர்தான் விடல. குதிரை வாங்குறவன் மாதிரி தாடையைப் பிடிச்சு வாயைத் திறந்து பார்த்தாரு. அப்புறம், 'பிடுங்கிட்டு அனுப்புங்க'ன்னுட்டாரு. ஒரே சாயங்காலத்துல எல்லாத்தையும் எடுத்தாங்க. வாய் முழுக்கப் பஞ்சோட நான் உக்காந்திருக்கேன், இவர் வந்து என் கன்னத்தைத் தட்டிச் சிரிக்கிறார். 'இனிமே உனக்குப் பல்வலியே வராது'ன்னு."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலில் லாம்பர்ட் கண்ணை இமைக்காமல் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்யாண விருந்துல எனக்கு சூப். இவர் எதிர்ல உக்காந்து ஆப்பிளை நறுக்கு நறுக்குன்னு கடிக்கிறார். பந்தியே சிரிக்குது. அப்புறம் வீட்டுல எதிர்த்து ஒரு வார்த்தை பேசினா போதும், என் பல் செட்டை எடுத்து ஒளிச்சு வெச்சிடுவார். வாயைப் பொத்திக்கிட்டு ரெண்டு நாள் உள்ளேயே கிடப்பேன். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக் கிளம்புற நேரத்துலதான் திருப்பித் தருவார்."

"அப்படிப்பட்டவருக்கா இவ்வளவு செய்யறீங்க?"

"கட்டினவ நானில்லாம வேற யாரு செய்வா?" டிம்ப்னா பல் செட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "பரவால்ல. தேறிட்டே. ராத்திரி தண்ணியில போட்டு வை, காய விடாத. மறந்துட மாட்டியே?"

"மாட்டேம்மா. நானே மாட்டி விட்டுடறேன்."

மிரியம் பல் செட்டை வாங்கிக்கொண்டு கட்டிலருகே குனிந்தாள். "ஐயா, நல்ல பிள்ளையா வாயைத் திறங்க. வீட்டம்மா எப்படிப் பளபளன்னு வெச்சிருக்காங்க பாருங்க. இன்னைக்கு மட்டும் கடிச்சிடாதீங்க சாமி."

லாம்பர்ட் திறக்கவில்லை. இறுக்கிய உதடுகளுக்குப் பின்னால் நறநறவென்று ஒரு சத்தம் கேட்டது.

மிரியம் நிமிர்ந்தாள். கையிலிருந்த பல் செட்டைப் பார்த்தாள். அவருடைய தாடையைப் பார்த்தாள்.

"அது அவருக்குச் சேராதும்மா," என்றார் டிம்ப்னா. "என்னோட பழைய செட்டு. நீ கை பழகத்தான் கொண்டாந்தேன்."

"அப்ப... இவரோடது?"

"வாயிலதான் இருக்கு. எண்பது வயசுலயும் ஒண்ணு விடாம இருக்கு. மூணுதான் சொத்தை, மூணை எடுத்தா போதும்னாரு பல் டாக்டர்."

நடைவழியில் சக்கர வண்டி உருண்டு வரும் ஓசை, அதன் மேல் கருவிகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை. அறைக்கு வெளியே அது நின்றது. டிம்ப்னா கைக்குட்டையால் கணவரின் வாயோரத்தை ஒற்றியெடுத்து, கன்னத்தை இரண்டு முறை தட்டிக்கொடுத்தார்.

"எல்லாத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுட்டேன், லாம்பர்ட். இனிமே உனக்குப் பல்வலியே வராது."