ஹவுளுக்கு முப்பது நாள் தண்ணீர்

இதை நான் கண்ணால் கண்டதில்லை. காத்தான்குடி சரீப் காக்கா சொல்லக் கேட்டது. யுத்த காலத்தில் அவர் உசனார் மரைக்காருடைய லொறிக்குச் சாரதி.

1943ஆம் ஆண்டு. நோன்புக்கு இன்னும் இரண்டு கிழமை. ஊரில் நெல் இல்லை. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இருந்தது. கொண்டுவர லொறி வேண்டும். பட்டாளம் எடுத்ததுபோக மிஞ்சியது மரைக்காருடைய பழைய லொறி ஒன்றுதான். அதுவும் பிறேக் இல்லாமல் நின்றது.

மண்முனைத் துறையில் உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு, பின்சில்லுக்குப் போகும் பிறேக் குழாய் அரித்துப்போயிருந்தது.

"ஒட்டித் தாவன், மீராசாஹிபு. மெதுவா ஓட்டலாந்தானே?" என்றார் மரைக்கார்.

மீராசாஹிப் ஊரிலிருந்த ஒரே மெக்கானிக். லொறிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"மெதுவா ஓட்டலாம் மரைக்கார். பாதையில மெதுவா நிக்க ஏலாது."

பாதை என்பது லொறியை அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவை. இறக்கத்தில் வந்து பலகையில் ஏறினால், முன்சில்லுக்கு முன்னால் இரண்டு முழந்தான் மிச்சம். அதற்கு அப்பால் தண்ணீர்.

"அப்ப புதுக் குழாய் போடு."

"கொழும்புக்கு மூணு கடிதம் போட்டன். எல்லாம் பட்டாளத்துக்காம். திருகோணமலைக்கும் போய்ப் பாத்திட்டன். பழைய காருகள்ல கழட்டினது கட்டை, எட்டாது."

"பெரிய மெக்கானிக் எண்டு ஊரெல்லாம் பேச்சு. ஒரு முழக் குழாய் தேட ஏலல்ல உனக்கு!"

"ஒரு முழமில்ல மரைக்கார், எட்டு முழம்."

நாலாம் நாள் லொறி புறப்படத் தயாராய் நின்றது.

"குழாய் எங்கால?"

"கிடைச்சிச்சி."

"எவ்வளவு?"

"சும்மாதான் தந்தாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் மரைக்கார். அதற்கு மேல் கேட்கவில்லை.

சரீப் காக்கா பாதையில் ஏற்றி பிறேக்கை மிதித்தார். லொறி ஆணி அடித்ததுபோல் நின்றது. பொழுதுபட முன் நாற்பது மூடை நெல்லோடு ஊருக்குள் திரும்பியபோது, பெண்கள் வேலிக்குள் நின்று குரவையிட்டார்களாம்.

அடுத்த வெள்ளி. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், பள்ளிவாசல் நிர்வாகியுமான மரைக்கார் எழும்பினார்.

"மீராசாஹிபு, போன செவ்வாய்க்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு நீ எங்க போன?"

"வாவிக்கரைக்கு."

"வாவிக்கரையில எங்க?"

"சீதேவிப்பிள்ளைட குடிலுக்கு."

பள்ளி சலசலத்தது. கண்டல் காட்டு மறைவில் அந்த விதவை கசிப்பு என்ற கள்ளச்சாராயம் காய்ச்சுவது தெரியாதவர்கள் ஊரில் இல்லை.

"சாக்கோட வெளிய வந்ததைக் கண்ட ஆள் இருக்கு. குடிச்சியா?"

"இல்ல."

"விக்கக் கொண்டு போனியா?"

"இல்ல."

"அப்ப சாக்குக்குள்ள என்ன?"

"அதச் சொல்ல ஏலாது மரைக்கார். வாக்குக் குடுத்திருக்கன்."

"கசிப்புக்காரிக்கு வாக்கு!"

பின்வரிசையில் ஒருவர், "போத்தல் உடையாம இருக்க வைக்கோல் வெச்சியா காக்கா?" என்றார். சிரிப்பு அடங்க நேரமானது.

தீர்ப்பு அங்கேயே ஆனது. தொழுமுன் கைகால் கழுவும் ஹவுள் தொட்டிக்கு, முப்பது நோன்பும் மீராசாஹிப் தனி ஆளாய்த் தண்ணீர் இறைக்க வேண்டும். யாரும் கயிற்றில் கை வைக்கக் கூடாது.

மீராசாஹிப் தலையை ஆட்டினார்.

இறைத்தார். நா வறண்ட நோன்போடு, பங்குனி வெயில் மாதிரி காய்ந்த அந்த வெயிலில், வாளி வாளியாக இறைத்தார். அந்தத் தண்ணீரில் கால் கழுவியவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்கள். சரீப் காக்கா ஒருநாள் கயிற்றைப் பிடிக்கப் போக, "நீ போய் பிறேக்கப் பாத்து ஓட்டு," என்று விரட்டிவிட்டாராம்.

அந்த மாதம் லொறி ஒன்பது நடை போய் வந்தது. ஒரு நாளும் பாதையில் பிசகவில்லை. நோன்பு திறக்க எல்லா வீட்டிலும் கஞ்சி இருந்தது.

பெருநாளன்று மரைக்கார் மீராசாஹிபைக் கூப்பிட்டார்.

"தண்டனை முடிஞ்சிது. இனியாவது அந்தப் பக்கம் போகாத."

"போகத் தேவையில்ல மரைக்கார். அவ காய்ச்சிறத விட்டிட்டா. இப்ப நெல்லுக் குத்துறா."

தன்னுடைய தீர்ப்பின் பலன் அது என்று மரைக்கார் கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சீதேவிப்பிள்ளை இறந்த பிறகுதான் மீராசாஹிப் சரீப் காக்காவிடம் வாய் திறந்தார். சாக்கைக் கையில் கொடுத்தபோது அவள் சொன்னது இவ்வளவுதானாம்: "சோறில்லாத ஊருல கசிப்பு என்னத்துக்கு? கொண்டு போங்க காக்கா. பொலிசுக்கு மட்டும் என்ட பேர் போகப்படாது."

கேட்டதை மட்டும் நம்பி எழுத எனக்கு மனம் வரவில்லை. மரைக்கார் வீட்டு வளவில் அந்த லொறி இன்னும் கிடக்கிறது. போன மாதம் அதற்கு அடியில் படுத்துப் பார்த்தேன். மற்றப் பிறேக் குழாய்கள் எல்லாம் இரும்பு. பின்சில்லுக்குப் போவது மட்டும் செம்பு. கசிப்பு வடியும் பானைக்குள் சுருண்டு கிடந்த வளைவு அதில் இன்னும் முழுதாய் நிமிரவில்லை.