பிணையாக ஒரு குழந்தை

எதெல்வினா குழந்தையைத் தலையோடு கால் துணியில் சுற்றி, அரிசிப் பீப்பாய்க்குள் இறக்கி மூடியை அழுத்தினாள். அது முனகக்கூட இல்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

"குழந்தை இங்கதான் இருக்குன்னு தெரியும். குடுத்துடுங்கம்மா" என்றபடி உள்ளே வந்தார் பாதர் லெயோனிதாஸ். எங்கள் ஊர்க் கோயிலுக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

"என் புள்ள வரட்டும் சாமி, தரேன்."

எங்கள் மனாபிக் கரையில் இது வழக்கம்தான். வேண்டுதல் பலிக்காவிட்டால் அந்தோணியார் சிலையின் கையிலிருக்கும் மரக் குழந்தை இயேசுவைக் கழற்றி ஒளித்துவிடுவார்கள். கேட்டது கிடைத்தால்தான் திருப்பி வைப்பார்கள். எதெல்வினாவின் மகன் வில்மர் மீன் பிடிக்கப் போன இடத்தில் புயலில் சிக்கிக் காணாமல் போய் ஐந்து நாள் ஆகிறது. பெற்றவள் சும்மா இருப்பாளா?

"நாளைக்குத் திருநாள். அந்தோணியார் வெறுங்கையோட நிக்கிறார்."

"நிக்கட்டும். நானும் அப்படித்தானே நிக்கிறேன்."

"கடவுளையே மிரட்டுறீங்களே, பயமா இல்ல?"

"இல்லாம என்ன? ஆனா அந்தக் கடலை நெனச்சா அதவிட பயமா இருக்கு."

"கடவுள் நல்லவரும்மா."

"அப்ப என் புள்ள என்ன பாவம் பண்ணான்? கடலைப் படைச்சது யாரு? காத்தை அவுத்து விட்டது யாரு? அவரால தடுக்க முடியலையா, இல்ல மனசு வரலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க!"

பாதர் கடல் பக்கமாகத் திரும்பினார். அவருடைய அங்கியின் விளிம்பிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டித் தரையெல்லாம் ஈரமாகியிருந்தது.

"அந்தக் காத்துல போனது வில்மர் மட்டுமா? தெற்குக் கரையில ரெண்டு படகைக் காணோம். நீங்க பண்ற காரியத்துக்கு அவருக்குக் கோபம் வந்து, அவங்களையும் சேர்த்துத் தண்டிச்சுட்டா?"

"அப்படித் தண்டிக்கிறவரை எந்த வாயால நல்லவர்னு சொன்னீங்க?"

பாதரின் முகம் வெளுத்துப்போனது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு மரிசோல் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அக்கா! வில்மர் உயிரோட இருக்கான்! டீசல் டிரம்மைப் பிடிச்சுக்கிட்டு மிதந்தானாம், கப்பல்காரங்க தூக்கிட்டாங்க. குவாயாகில் ஆஸ்பத்திரியில இருக்கான்!"

எதெல்வினா அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். மரிசோல் தெருவுக்குச் சொல்ல ஓடினாள்.

அழுகை ஓய்ந்ததும் எதெல்வினாவைப் புதிய பயம் பிடித்துக்கொண்டது. அவசர அவசரமாகப் பீப்பாயைத் திறந்து, அரிசியைத் தட்டிவிட்டுக் குழந்தையை நீட்டினாள்.

"சீக்கிரம் வாங்கிக்கோங்க சாமி! வாக்குத் தவறினா, குடுத்தவரே திரும்ப எடுத்துக்குவாரு!"

பாதர் கை நீட்டவில்லை. வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். குழந்தையை வாங்கி, மறுபடியும் பீப்பாய்க்குள்ளேயே வைத்து மூடினார்.

"இன்னும் ரெண்டே நாள் இங்கேயே இருக்கட்டும் அக்கா... காணாம போன அந்தத் தெற்குக் கரைப் படகு ஒண்ணுல என் தம்பி இருக்கான்."