மறுபடி நிகழச் செய்வது எப்படி?

எழுதத் துணிந்தமைக்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். இதுவரை நான் எழுதியவை படிவங்கள் மட்டுமே.

இதில் வரும் படிவமும் நான் எழுதியதுதான்.

மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் ஒரு கருவிக்கு எங்கள் நிறுவனம் மென்பொருள் செய்கிறது. ஆபத்து நேரும்போது சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கரைக்குச் செய்தி வரவேண்டும்.

பழுது கண்டவர்கள் மனம்போனபடி எழுதி அனுப்பினார்கள். எனவே புகாருக்கென ஆறு கட்டங்கள் கொண்ட படிவம் ஒன்றை வடிவமைத்தேன். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும், ஏழாம் நாள் புகார் தானாகவே மூடிக்கொள்ளும்.

அதற்காக என்னைப் பாராட்டினார்கள்.

ஆவணியில் ஒரு புகார் வந்தது.

“செவப்புப் பொத்தான அமுக்குனா பேசாமக் கெடக்கு. என்னன்னு பாருங்க சார். சிலுவைராயன், பெரியதாழை.”

ஐந்தாவது கட்டத்தை மட்டும் அவர் விட்டிருந்தார்.

‘பழுதை மறுபடி நிகழச் செய்வது எப்படி?’

மனம் சற்றே உறுத்தியது. குழுத் தலைவர் கிருபாகரனிடம் காட்டினேன்.

“அதச் சொல்லாம விட்டா நாம என்ன மேடம், கிளி ஜோசியமா பாக்குறது? கெடக்கட்டும். தானா மூடிக்கும்.”

அருகில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

புகாரின் அடியில் அவருடைய தொலைபேசி எண் இருந்தது.

ஏழாம் நாள் புகார் மூடிக்கொண்டது.

இன்று காலை அதே ஊரிலிருந்து இன்னொரு புகார். எழுதியவர் அமலோற்பவம். சிலுவைராயனின் மனைவி.

ஒரு கட்டமும் காலியாக இல்லை.

என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

“கரையில நின்னேன்.”

என்ன எதிர்பார்த்தீர்கள்?

“சேதி வரும்னு.”

என்ன நிகழ்ந்தது?

“வரல.”

மறுபடி நிகழச் செய்வது எப்படி?

“முடியாது சார். அமுக்குன ஆளு திரும்பி வரல.”

கிருபாகரன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். படித்தார்.

திரையின் மேற்புறத்தில், பச்சை நிறத்தில், நான் எழுதிவைத்த வாசகம் தோன்றியது.

‘நன்றி. தங்கள் புகார் முழுமையாக உள்ளது.’

ஆறாவது கட்டம் பாதிப்பைக் கேட்பது. அவர் எழுதியதை ஓர் எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்.

“வள்ளம் ஒண்ணு.

வல நாலு.

ஐஸ் பெட்டி ரெண்டு.

ஆளு ஒண்ணு.”