உரம் படாத நிலம்

"என் தம்பி காட்டுல ஒரு பிடி மண்ணுகூட எடுக்கக் கூடாதுங்க!"

காரிமங்கலத்தை அடுத்த அந்த வயல் வரப்பில், இரு கைகளையும் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றார் மாதப்பன்.

ஆய்வாளர் சுசித்ரா திகைத்தார். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை அவற்றின் டி.என்.ஏ.வைக் கொண்டு அறியும் ஆய்வு அவருடையது. பல ஆண்டுகளாக இரசாயன உரமே படாத நிலம் ஒன்றும், உரமிட்ட நிலம் ஒன்றும் அருகருகே வேண்டும். மாவட்டம் முழுவதும் அலைந்து, அண்ணன் தம்பியின் இந்த இரு நிலங்களைத்தான் கண்டுபிடித்திருந்தார். இவையும் கைநழுவினால் ஆய்வே இல்லை.

தம்பி வீரமணி, ஊர் ஊராகச் சென்று இயற்கை வேளாண்மையைப் பற்றிப் பேசுபவர். அவருடைய ராகி இடுப்பளவுக்குக் கரும்பச்சையாக நின்றது. யூரியாவைக் கைவிடாத அண்ணன் மாதப்பனின் ராகியோ முழங்காலைத் தாண்டவில்லை, அதுவும் மஞ்சள்.

"பாத்தீங்களா மேடம்? யூரியாவைக் கொட்டிக் கொட்டித் தன் மண்ணைக் கொன்னுட்டு, இப்ப என் மண்ணுக்குக் காவல் நிக்கிறாரு. எல்லாம் வயித்தெரிச்சல்!" என்றார் வீரமணி.

"அவன் காட்டுல பாம்பு இருக்குதுங்க" என்றார் மாதப்பன்.

"உன் காட்டுல இல்லையாண்ணா?"

"என் பயிருல அதுக்கு மறைவு ஏதுடா?"

"மேடம், இவர்கிட்டப் பேசாதீங்க."

"அவன் மண்ணு கூச்ச சுபாவமுங்க. வெளியாள் தொட்டா வெளைச்சல் போயிரும்."

வீரமணி தலையில் அடித்துக்கொண்டு, மண்வெட்டி எடுத்துவர வீட்டுக்குப் போனார்.

சுசித்ரா பொறுமையிழந்தார். "கூடப் பொறந்தவர் நல்லா இருந்தா உங்களுக்கு ஏங்க பொறுக்கலை?"

தம்பி போன திசையைப் பார்த்துவிட்டு, மாதப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"மொத வருசம் உரமில்லாம அவன் பயிர் எந்திரிக்கவே இல்லீங்க. ஊரே சிரிச்சுது. சோறு திங்காமக் கெடந்தான். எனக்கு மனசு கேக்கல. அன்னையிலருந்து, யூரியா வேணாம்னு அவன் கூட்டத்துல பேசப் போற நாளாப் பாத்து, நான் அவன் காட்டுல யூரியா வீசிட்டு வந்துர்றேன். உங்க டெஸ்டு அதைக் காட்டிக் குடுத்துட்டா, அவன் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மேடையேறுவான்?"

சுசித்ரா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப, உரம் படாத நிலத்துக்கு நான் எங்கங்க போறது?"

"என் காட்டுல எடுத்துக்குங்க. சொசைட்டியில எனக்குக் குடுக்கற யூரியா அவன் காட்டுக்கே பத்தறதில்லீங்க!"