வேணியின் நிறம்

வீட்டில் ஹார்டு டிஸ்க் வைத்திருப்பது குற்றம். குடும்பப் படங்களைக் கிளவுடில்தான் ஏற்ற வேண்டும். ஏற்றியதும் முகங்கள் தாமாகவே வெளுத்துவிடும். தமயந்தி மட்டும் மகள் வேணியின் படங்களை அவளுடைய கறுப்பு நிறத்திலேயே டிஸ்க்கில் வைத்திருந்தாள்.

வேணியின் கல்யாணம் முடிந்த மறுவாரம், பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் அதிகாரி பூபாலன் சோதனைக்கு வந்தார். டிஸ்க்கைக் கண்டெடுத்து, அங்கேயே சுத்தியலால் உடைத்தார்.

“வருத்தப்படாதீங்கக்கா. கிளவுடுல பொண்ணு செவப்பா, அழகாத்தான் இருக்கா.”

“எம்பொண்ணு கறுப்பு. கறுப்பாத்தான் இருப்பா.”

“அந்தப் படம்தான் இனிமே இல்லையே.”

“கல்யாணத்துல குடுத்த தாம்பூலப் பையை நீங்க பிரிக்கவே இல்லையா, தம்பி? தேங்காய்க்கு அடியில இதே படங்களோட ஒரு சின்ன டிஸ்க் இருக்கும். வந்த எல்லாருக்கும் குடுத்தோம்.”

தமயந்தி சுத்தியலை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“மொதல்ல உங்க வீட்டுல இருந்து ஆரம்பிங்க.”