பாத்திரத்தில் மிச்சம்

வெள்ளிப் பாத்திரத்தை உதட்டருகே கொண்டுபோன ஆயர், குடிக்காமல் அப்படியே நின்றார்.

இரண்டாம் வரிசையில் இருந்த ரசக்கார அக்கா அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கிறிஸ்தவ ஆலயத்தில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்குத் திராட்சரசம் செய்து கொடுப்பவள் அவள். அதனால்தான் அந்தப் பெயர்.

காலையில் ஆலயப் பணியாளர் புட்டியைத் திறந்தபோது தக்கை டப்பென்று பறந்தது. "என்னக்கா, ரசம் கேட்டா வெடிகுண்டு குடுத்திருக்கீங்க?" என்றார். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

சிரித்திருக்கக் கூடாது. உள்ளே காற்று திரண்டால்தான் தக்கை அப்படிப் பறக்கும். பழத்தின் சர்க்கரை சாராயமாக மாறும்போதுதான் அந்தக் காற்று உண்டாகும்.

ரசம் புளித்துவிட்டது.

திராட்சையைப் பிழிந்து சும்மா வைத்தாலே போதும், தோலில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். புளிக்கக் கூடாது என்றால் சாற்றைக் கொதிக்கவிட்டு, சூடு ஆறுமுன் புட்டியில் கழுத்துவரை ஊற்றி அடைத்துவிட வேண்டும். இந்தத் தடவை புட்டிகள் புதியவை. சூட்டில் விரிசல் விட்டுவிடுமோ என்று பயந்து, சாற்றை மெல்லிய துணியால் மூடி ஆறவைத்தாள்.

துணி ஈயைத் தடுக்கும். காற்றோடு வரும் ஈஸ்டைத் தடுக்காது.

"அக்கா, இனிமே புளிக்காம செஞ்சு குடுங்க. ஒருத்தருக்கு அது ஆகாது." இங்கே மாற்றலாகி வந்த புதிதில் ஆயர் கேட்டுக்கொண்டது இது ஒன்றுதான்.

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? தெருவுக்கே தெரிந்த விஷயம். அவள் தம்பிக்குத்தான்.

தம்பி வெல்டர், குடியை விட்டவன். ஒவ்வொரு வேலை முடிந்ததும் பட்டறையில் புட்டி திறப்பார்கள். இவன் மட்டும் தேநீர்க் குவளையோடு உட்கார்ந்திருப்பான். "ஒரு மடக்கு குடிச்சா உங்க ஆண்டவரு கோவிச்சுக்குவாரா?" என்று சீண்டுவார்கள். "அவரு மன்னிச்சிடுவாரு. எங்க அக்கா கொன்னுடும்" என்பான். சிரித்துக்கொண்டே சொல்வானே தவிர, அந்தக் குவளையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருப்பான்.

போன மாதம்தான் அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்திருந்தாள்.

ஆயர் குடிக்காமலே பாத்திரத்தைத் தாழ்த்தினார். தம்பியை நினைத்துத்தான் தயங்குகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் அதற்குள் பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரத் தடுப்பின் கடைசி ஓரத்தில் முழந்தாளிட்டுவிட்டான்.

அவள் எழுந்து வேகமாகப் போய் அவன் பக்கத்தில் முழந்தாளிட்டாள்.

"புளிச்சிருக்குடா" என்றாள், வாயைத் திறந்தும் திறக்காமலும்.

"உள்ள நுழையும்போதே மூக்கு சொல்லிடுச்சு" என்றான்.

ஆயர் எதிர்க்கோடியிலிருந்து ஆரம்பித்தார். எல்லோருக்கும் ஒரே பாத்திரம். ஒருவர் குடித்ததும் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, சற்றே திருப்பி, அடுத்தவர் உதட்டுக்குக் குனிந்து சாய்ப்பார். சாய்க்கும்போதெல்லாம் ரசம் உள்சுவரில் ஏறி இறங்கும். உள்ளங்கைச் சூடு வெள்ளியில் இறங்கி வாசனையைக் கிளப்பும். குனிகிறவர் முகத்துக்குத்தான் அது முதலில் போகும்.

ஒவ்வொருவரிடமும் அதே வாக்கியம், அதே நிதானம். நெற்றியில் மட்டும் வியர்வை கோத்திருந்தது.

தம்பியிடம் வந்தார். தம்பி இரண்டு கைகளையும் மார்பின்மேல் குறுக்காக வைத்து, உதட்டை மூடிக்கொண்டான். ஆயர் சும்மா இருந்த கையை அவன் தலையில் வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆயர் பீடத்துக்குத் திரும்பினார். வெளியே நல்ல மழை, வந்தவர்கள் குறைவு. பாத்திரத்தில் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது.

திருவிருந்தின் மிச்சத்தைக் கீழே ஊற்றக் கூடாது. எடுத்தும் வைக்கக் கூடாது. நடத்துகிறவரே குடித்துத் தீர்த்து, பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அலசி, அதையும் குடிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வாய், ஆயருக்குத்தான் அதிகம். எத்தனையோ வருஷமாக ரசம் செய்கிறாள். இப்படி ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

ஆயர் பாத்திரத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு பணியாளரை அருகே அழைத்தார்.

ஆராதனையின் நடுவில் யாரிடமாவது பேச வேண்டியிருந்தால் சட்டையில் மாட்டிய மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொள்வது அவர் வழக்கம். இன்று மூடவில்லை. பின்வரிசைவரை கேட்டது.

"அண்ணே, மிச்சத்தை நீங்க குடிச்சு முடிங்க. நான் ஒரு வாய் வெச்சா நிறுத்த மாட்டேன்."

பணியாளர் இரண்டு கைகளையும் நீட்டினார்.

பாத்திரம் பணியாளர் கைக்குப் போவதைத் தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கண் நிறைந்திருந்தது.

"அந்தக் கோடியில இருந்து இந்தக் கோடி வரைக்கும் அதைக் கையில பிடிச்சுக்கிட்டே வந்தாரேக்கா" என்றான்.