பால்கனி வளையம்

"அந்த வளையம் வந்ததுலேர்ந்து என் மாவு பொங்கவே மாட்டேங்குது. இதுக்கு ஒரு வழி பண்ணாம நான் நகர மாட்டேன்."

மூணாவது மாடி பூருல் இப்படி ஆரம்பிச்சு வைக்க, எங்க கட்டடத்துக் கூட்டம் களைகட்டிடுச்சு. பிஷ்கெக்ல பனி விழ ஆரம்பிச்ச நேரம். வாசல்ல காலை உதறிக்கிட்டே எல்லாரும் நிக்கிறோம். நடுவுல தலைவி தொக்தோபூபூ அக்கா. கட்டடத்துல யார் மேல என்ன புகார்னாலும் அவங்ககிட்டதான் போகணும். அவங்க சொன்னா அப்பீலே கிடையாது.

அன்னிக்குக் குற்றவாளி, நாலாவது மாடி கானிபெக். டிராலிபஸ் ஓட்டுறவர். பால்கனியில செம்புக் குழாயை வளைச்சு, லாரி டயர் அளவுக்கு ஒரு வட்டம் மாட்டி வெச்சிருந்தார்.

"கூரையில கம்பி கட்டக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க," கானிபெக் பொறுமையாத்தான் பேசினார். "நீளமா கம்பி இழுக்க எனக்கு வேற எடம் ஏது? அதான் பால்கனிக்குள்ள அடங்குற மாதிரி ஒரு ஆன்டெனா. ரேடியோவுல பேசறதுக்கு என்கிட்ட லைசென்ஸ் இருக்கு. காந்த வளையம்னு பேரு. யாரையும் ஒண்ணும் பண்ணாது."

மனுஷன் அந்தப் பேரைச் சொல்லாம இருந்திருக்கலாம்.

"காந்தமா? அப்படிச் சொல்லு," ரெண்டாவது மாடி ஜோல்தோஷ் முன்னால வந்தார். "ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன்னு வந்த என் மாப்பிள்ளை இன்னும் கிளம்பல. இதுதான் இழுத்துப் பிடிச்சு வெச்சிருக்கு."

"உன் மாப்பிள்ளை என்ன இரும்பா?" பின்னாலேர்ந்து யாரோ கேட்டாங்க.

"வாயில வரிசையா இரும்புப் பல் கட்டியிருக்கானே."

எல்லாருக்கும் நியாயமாத்தான் பட்டுது.

அடுத்து தரைத்தளத்துக் கிழவர் சபார். "என் கெட்டில் பாடுது."

"என்ன பாட்டு, அண்ணே?" அக்கா விசாரிச்சாங்க.

"நல்ல பாட்டுதான்."

"அப்புறம் என்ன புகார்?"

"நான் கேக்காம அது ஏன் பாடணும்? விட்டா நானே ஏறிப் போயி அந்தக் கம்பிய வெட்டிடுவேன். கட்டிங் பிளேயர் எடுத்து வெச்சிருக்கேன்."

கானிபெக் தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டார்.

"ஒரு விஷயம் சொல்றேன், கேளுங்க. மலைக் கணவாய்ல வானிலை நிலையம் இருக்கில்ல, அங்க எர்மெக்னு ஒரு பையன் தனியா இருக்கான். பாதையைப் பனி மூடிடுச்சு. வசந்தம் வர்ற வரைக்கும் யாரும் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. செல்போனும் எடுக்காது. ஆபீஸ்காரங்க அவன்கிட்ட பனி எவ்வளவுன்னு கேப்பாங்க, காத்து எவ்வளவுன்னு கேப்பாங்க. நீ எப்படியிருக்கேன்னு கேக்க நான் ஒருத்தன்தான். தினம் சாயந்தரம் பேசறோம். போன வாரம் அழுதுட்டான்."

பூருல்கூட மூக்கைத் துடைச்சுக்கிட்டா.

"அழுதா அழட்டும்," தொக்தோபூபூ அக்கா பட்டுன்னு சொன்னாங்க. "மலையில நரி இருக்கு, ஓநாய் இருக்கு. பேச்சுத் துணைக்கு என்ன குறைச்சல்? வளையம் வேண்டாங்கறவங்க கை தூக்குங்க."

கொல்லுனு ஒரு சிரிப்பு. எல்லாக் கையும் மேல போச்சு. சபார் ரெண்டு கையையும் தூக்கினார். ஊரோட ஒத்துப் போவோம்னு நானும் தூக்கினேன், ஆனா மனசுக்குள்ள சுருக்குன்னுச்சு. பொம்பளைக்கு இவ்வளவு கல் நெஞ்சு ஆகாது.

"இன்னிக்கே கழட்டு," அக்கா விடல. "உன் வீட்ல இருந்தா மறுபடி மாட்டுவ. அஞ்சாவது மாடிக்குத் தூக்கிட்டு வந்து என் வீட்ல போடு. கேபிளும் வரணும். ஒண்ணு விடக் கூடாது."

"அக்கா, இன்னிக்கு சாயந்தரம் அவன் காத்துக்கிட்டு..."

"தூக்கிட்டு வான்னா வா."

கானிபெக் கண்ணு கலங்கி நின்னதை எல்லாரும் பாத்தோம்.

மறுநாள் காலையில அண்ணாந்து பாத்தா, அக்கா வீட்டு பால்கனியில அந்த வளையம். அதுல வரிசையா குதிரைக்கறி அடைச்ச குடலைக் காயப் போட்டிருந்தாங்க. போறவன் வர்றவன் எல்லாம் பாத்துச் சிரிச்சான்.

அன்னியிலேர்ந்து புகாரே இல்லை. பூருல் மாவு பொங்கி வழிஞ்சுது. கெட்டில் வாயை மூடிடுச்சு. மாப்பிள்ளை மட்டும் போகல. காந்தம் இறங்க நாளாகும்னு ஜோல்தோஷ் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தார்.

ஒரு நாள் சாயந்தரம் நிலவறைச் சாவி கேக்க அக்கா வீட்டுக்குப் போனேன். கதவு ஒருக்களிச்சிருந்துது. எட்டிப் பாத்தேன்.

சமையலறை மேஜையில ஒரு தட்டு நிறைய அந்தக் குதிரைக்கறி. பக்கத்துல ரேடியோ. ரேடியோ முன்னால கானிபெக். பால்கனியில கறி எதுவும் இல்லாம வெறும் வளையம் நிக்குது. அதுக்குக் கீழ தொக்தோபூபூ அக்கா குனிஞ்சு, அதுல இருந்த ஒரு குமிழைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக்கிட்டிருக்காங்க.

"போதும் அக்கா, அங்கதான் சிக்னல் நல்லா ஏறுது. உள்ள வந்துடுங்க. பேசும்போது தொட்டா சுட்டுடும்."

ரேடியோ கொரகொரன்னுச்சு. அப்புறம் ஒரு சின்ன வயசுக் குரல் சிரிச்சுது. "அண்ணே, இப்பல்லாம் பக்கத்து வீட்லேர்ந்து பேசற மாதிரி கேக்குது."

உள்ள வந்த அக்கா என்னைப் பாத்துட்டாங்க.

"அக்கா... கூட்டத்துல நீங்கதானே..."

"மொதல்ல கதவைச் சாத்து, வீடு குளிருது." ஒரு கிண்ணத்துல எனக்கும் டீ ஊத்தினாங்க. "நாலாவது மாடியில விட்டிருந்தா சபார் கிழவர் நிஜமாவே வெட்டியிருப்பார். அந்தப் புள்ள அழுதான்னு கேட்டப்புறம் அதை வெட்ட விடுவேனா? இங்க இருந்தா பயமில்ல பாரு. என் மேல புகார் சொல்லணும்னாலும் என்கிட்டதானே வரணும்?"